மிக்ஸ் போட்டால் போதாதா, பட்டியல் எதற்கு?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024, மாலை 6.10

அண்ணா, பல ஊர்ப் பாட்டுகளை விடாமல் கோத்த உங்கள் ஒரு மணி நேர மிக்ஸ் கேட்டேன். ஜமைக்கா, அங்கோலா, கொலம்பியா, டான்சானியா, நடுவில் லண்டன். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால் கூட்டாஞ்சோறுதானே? ஒரு வகையில் நின்று ஆழமாகப் போகலாமே. பேஸ் பேஸ் (அடித்தொனி) என்று எழுதியிருக்கிறீர்கள், என் போனில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கீழே எந்தப் பாட்டு, யார் செய்தது என்று அவ்வளவு நீளப் பட்டியல் எதற்கு? பிடித்த பாட்டை, கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலியில் தட்டிப் பார்த்துக்கொள்ள மாட்டோமா?

3 பிப்ரவரி, இரவு 11.20

மூன்று கேள்வி. போனை முதலில் முடித்துவிடுகிறேன்.

போன் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. பெரும்பாலான போன்களில் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வு) கீழே சொல்லும்படி எதுவும் வராது. நான் போட்ட டப்ஸ்டெப் (லண்டனில் பிறந்த, பேஸ் கனத்த மின்னிசை) டிராக்குகளில் பேஸ் உட்கார்ந்திருப்பது 40க்கும் 60க்கும் நடுவில். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நகத்தால் ஆகாது.

என் மாமா திண்டுக்கல் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். முதலில் குழாய் ஸ்பீக்கர் மட்டும்தான். தென்னைமரத்தில் கட்டினால் பாட்டு அடுத்த ஊர் வரை போகும், ஆனால் தவில் தகரம் மாதிரி கேட்கும். அப்புறம் 18 இஞ்ச் பாக்ஸ் இரண்டு வாங்கினார். வாங்கிய அன்று இரவு கோயில் பொட்டலில் வைத்து டெஸ்ட் பண்ணினார். பாக்ஸ் மேல் யாரோ தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள். பேஸ் விழும் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழும்பி, நடுவில் ஒரு சொட்டு குதிக்கும். எனக்கு ஒன்பது வயது. போய் பிளைவுட்டில் வயிற்றை ஒட்டி நின்றேன். காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் கேட்டது. இன்று வரை மிக்ஸ் போடும்போது அந்த டம்ளர்தான் என் அளவுகோல்.

தம்பி, இருபது நிமிடம் ஒரு நல்ல இயர்போனில் கேட்டுப் பாருங்கள். மற்ற இரண்டு கேள்விக்கு நாளை வருகிறேன்.

4 பிப்ரவரி, காலை 7.05

ஒன்று விட்டுவிட்டேன். சில டிராக்கில் போனிலும் பேஸ் கேட்கிற மாதிரி இருக்கும். அது உறுமும் பேஸ். அடிச்சுரத்தோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து வருவதால், அடிச்சுரம் ஸ்பீக்கரில் வராவிட்டாலும் காது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். வேறு அதிர்வு கலக்காத வெறும் சைன் அலையாக இருந்தால் ஊகிக்க எதுவும் கிடைக்காது. உங்களுக்குக் காணாமல் போனவை இந்த இரண்டாம் வகை.

4 பிப்ரவரி, இரவு 10.45

கூட்டாஞ்சோறு.

வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு. இதை இரண்டு தடவை சொல்லி முடிப்பதற்குள் காலால் நாலு சமத் தட்டு போடுங்கள். வந்ததா? இப்போது எந்த ரெகேட்டான் (லத்தீன் அமெரிக்க ஆட்டப் பாட்டு) பாட்டையும் போட்டுக் கேளுங்கள். கால் தட்டு கிக் டிரம் (கனமான அடி), வாய் சொல்வது ஸ்னேர் (சுள்ளென்ற அடி). அங்கோலாத் தலைநகர் லுவாண்டாவின் குடூரோ, டிரினிடாடின் சோகா, பிரேசில் ரியோவின் பைலே ஃபங்க் என்ற ஆட்ட இசைகள் எல்லாவற்றிலும் இதே கணக்கு வேறு வேறு உடுப்பில் வரும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் கடல் தாண்டிப் போன தாளம். சில கரைகளில் மத்தளம் பிடுங்கப்பட்டும் மிஞ்சியது. நான் கலக்கவில்லை. ஏற்கனவே உறவான பாட்டுகளைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ரெகேட்டான் தட்டுக்கு டெம்போ (Dem Bow, வேகத்தைக் குறிக்கும் டெம்போ இல்லை) என்று பெயர் வந்தது 1990 வாக்கில் வெளிவந்த ஒரு ஜமைக்கப் பாட்டிலிருந்து. பாடியவர் ஷப்பா ராங்க்ஸ். தட்டைச் செய்தவர்கள் ஸ்டீலி, க்ளீவி என்ற இரட்டையர். ஜமைக்காவிலிருந்து பனாமா, நியூயார்க், போர்ட்டோ ரீக்கோ என்று சுற்றிவந்து இன்று உலகமே அதில் ஆடுகிறது. அந்தத் தட்டுக்கு உரிமை கேட்டு க்ளீவி தரப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டது 2021ல்தான். முப்பது வருடம்! இதை நினைவில் வையுங்கள், பட்டியல் பேச்சுக்கு வரும்போது திரும்ப எடுப்பேன்.

வேகக் கணக்கும் கேட்டார் இன்னொருவர். டப்ஸ்டெப் நிமிடத்துக்கு 140 தட்டு, ஆனால் ஸ்னேர் தள்ளித் தள்ளி விழுவதால் உடம்புக்கு 70 மாதிரி இருக்கும். அந்த 70 வாசல் வழியாக ஜமைக்காவின் மெதுவான ரெகேக்குள் போய்விடலாம். டான்சானியாவில் டார் எஸ் சலாம் நகரத்தின் சிங்கெலி இசை 200க்கு மேலே பறக்கும். 210ல் ஒரு டிராக் எடுத்தால் அது 140க்குச் சரியாக ஒன்றரை மடங்கு. இரண்டு தட்டு போகிற இடத்தில் மூன்று. மிருதங்கம் படித்தவர்களுக்குப் புதிதில்லை, நடை மாற்றுவதுதான். 52வது நிமிடத்தில் அந்தத் தாவல் வருகிறது. அதற்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.

6 பிப்ரவரி, இரவு 9.30

"ஒரு வகையில் ஆழமாகப் போகலாமே" என்பது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் எந்த வகையைத் தோண்டினாலும் வேர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

டப்ஸ்டெப்பை எடுங்கள். தெற்கு லண்டன், க்ராய்டன். அங்கே பிக் ஆப்பிள் என்ற ஒரு ரெக்கார்டு கடையைச் சுற்றிய பையன்கள். 2005ல் பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் டி.எம்.இசட் என்ற இரவு இசை நிகழ்ச்சி தொடங்கியது. பேஸின் எடையைத் தியானிக்க வாருங்கள் என்று அழைத்தார்கள். 2006 ஜனவரியில் வானொலித் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் பி.பி.சி. ரேடியோ 1ல் இவர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து ஒரு நிகழ்ச்சி செய்தார். அதன் பதிவு கோப்பாக இணையத்தில் சுற்றிச் சுற்றி ஊர் ஊராகப் போனது. எனக்கும் அப்படித்தான் வந்தது, கல்லூரி விடுதியில் ஒரு பென்டிரைவில். மேலே எதுவும் எழுதவில்லை, வெறும் "மிக்ஸ் 7".

அந்தப் பையன்கள் பிடித்துக்கொண்டது எதை? டப்பை. ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்த ஆஸ்போர்ன் ரடாக், ஊரார் வாயில் கிங் டப்பி. 1970களின் தொடக்கத்தில் பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்மையும் முன்னால் நிறுத்தி, எக்கோவைத் திறந்துவிட்டார். மிக்ஸிங் மேசையே வாத்தியமானது. என் மாமாவும் சால்டரிங் ராடோடு உட்கார்ந்தவர்தான். டப்பியைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

அப்புறம் 1985. வேய்ன் ஸ்மித் பாட, கிங் ஜாமி பதிவு செய்த "ஸ்லெங் டெங்". ஒரு காசியோ கீபோர்டில் ஜப்பானிய என்ஜினியர் ஒருவர் போட்டுவைத்த தட்டு. பட்டனை அமுக்கினார்கள், ஜாமி வேகத்தைக் குறைத்தார், ஜமைக்காவின் இசை கம்ப்யூட்டர் காலத்துக்குள் போய்விட்டது.

7 பிப்ரவரி, காலை 6.40

நேற்றைய குறிப்பில் தப்பு. வாசகி ஒருவர் ராத்திரியே கேட்டுவிட்டார்: "என்ஜினியர் ஒருவர் என்றால் யார்?"

ஒகுடா ஹிரோகோ. பெண். இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வுரை எழுதிவிட்டு, 1980ல் காசியோவில் சேர்ந்தவர். எம்.டி.40 கீபோர்டுக்கு அவர் அமைத்த தட்டுகளில் "ராக்" என்று பெயரிட்ட ஒன்றுதான் அது. ரெகேயை நேசித்த ஒரு பெண் டோக்கியோவில் செய்த தட்டு, கீபோர்டுக்குள் ஒளிந்து கிங்ஸ்டனுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி போய்விடுகிறது. நான் பட்டியலுக்காகப் பேச வந்தவன், நானே விட்டிருக்கக் கூடாது. மன்னிக்கவும்.

7 பிப்ரவரி, மதியம்

ஆமாம், எம்.டி.40 வந்தது 1981. கேட்டவருக்கு.

9 பிப்ரவரி, இரவு 11.50

வேகத்தைக் குறைத்தது பற்றிப் பேசியதும் மொந்தெர்ரே நினைவு வந்துவிட்டது. வடக்கு மெக்சிகோவின் தொழில் நகரம். கொலம்பியாவின் ஆட்ட இசையான கும்பியா மேல் அந்த ஊர் மலையோரக் குடியிருப்புகளுக்கு ஒரு தீராத காதல். அங்கே சோனிதேரோ என்று சொல்லப்படும் நம்ம ஊர் சவுண்ட் செட்காரர் மாதிரியான ஆட்கள். அவர்களில் ஒருவர் சோனிதோ துவேஞெஸ். ஒரு நீண்ட ராத்திரி விழாவில் அவருடைய ரெக்கார்டு பிளேயர் மோட்டார் சூடாகி வேகம் இறங்கியதாம். கும்பியா இழுத்து இழுத்து, தூக்கத்தில் பாடுகிற மாதிரி ஓட, நிறுத்தாதே, அப்படியே போடு என்றதாம் கூட்டம். அவர்கள் சொல்லும் கதை இது. கும்பியா ரெபஹாதா (வேகம் இறக்கிய கும்பியா) என்று அதற்குப் பெயரே வந்து, கேசட்டாக விற்றார்கள்.

பேட்டரி இறங்கிய டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்ட எல்லோருக்கும் அந்த ஒலி தெரியும். அக்கார்டியன் அழுகிற மாதிரி ஆகிவிடும். 24வது நிமிடத்தில் இருப்பது அதுதான், உங்கள் நெட் மெதுவாக இல்லை. இரண்டு பேர் புகார் சொல்லியிருந்தார்கள்.

12 பிப்ரவரி, இரவு 10.15

சரி, பட்டியல்.

38வது நிமிடத்தில் ஒரு டிராக். ஒரு நண்பரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தது. கோப்பின் பெயர் வெறும் எண்கள். உள்ளே குரல் ஒன்று, வெறிபிடித்த தட்டு ஒன்று, தொண்டை காய்ந்தவன் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சின்தசைசர். எனக்கு அது உயிர். பட்டியலில் "பெயர் தெரியவில்லை, கின்ஷாசா" (காங்கோ நாட்டுத் தலைநகர்) என்று போட்டேன். கின்ஷாசா என்று சொன்னது நண்பர். நான் சோதிக்கவில்லை.

நேற்று லுவாண்டாவிலிருந்து ஒருவர் போர்ச்சுகீசில் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன். "இது கின்ஷாசா இல்லை, எங்கள் ஊர். குரலில் வரும் கொச்சை எங்கள் தெருக் கொச்சை. செய்தவன் என் அண்ணனோடு படித்தவன்." கோபமாக எழுதவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

ஷஸாம் இதைக் கண்டுபிடிக்காது. அதன் கிடங்கில் யாராவது ஏற்றியிருந்தால்தானே? வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து, மெமரி கார்டிலும் ப்ளூடூத்திலும் கைமாறும் பாட்டுக்குக் கிடங்கு ஏது? லிஸ்பன் புறநகர்ப் பையன்கள், அங்கோலா, சாவோ டோமே, கேப் வெர்டே போன்ற இடங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், 2006ல் தாங்களே ஒரு தொகுப்பைச் செய்து இணையத்தில் இலவசமாக விட்டார்கள். டி.ஜே. மார்ஃபாக்ஸ் அந்தக் கூட்டம்தான். பெயர்களோடு விட்டதால் ப்ரின்சிப்பே என்ற இசை வெளியீட்டு நிறுவனம் பின்னால் அவர்களிடம் வந்து சேர முடிந்தது. பெயர் இல்லாமல் விட்டிருந்தால் எங்களைப் போன்றவர்களின் ஹார்ட் டிஸ்கில் எண்ணாகக் கிடந்திருக்கும்.

அட்டா காக் கதையும் இதுவே. கானாக்காரர். 1994ல் டொரண்டோவில் இருந்தபோது ஒரு கேசட் பதிவு செய்தார். ஐம்பது பிரதி வாக்கில்தான் போட்டார்கள். அதில் ஒன்றை அமெரிக்க மாணவர் பிரையன் ஷிம்கோவிட்ஸ் கானாவில் தெருக்கடையில் வாங்கி, 2006ல் தன் வலைப்பதிவில் ஏற்றினார். உலகம் முழுக்கக் கேட்டது, பாடியவருக்கு மட்டும் தெரியாது. வருடக்கணக்கில் தேடி ஆளைக் கண்டுபிடித்து, 2015ல் முறையாக வெளியிட்டு, அட்டா காக் மேடையேறினார். அந்தத் தேடலுக்குப் பிடிமானம் கேசட் அட்டையில் இருந்த பெயர். அதைத்தான் பட்டியல் என்கிறேன்.

ஸ்டீலி, க்ளீவியின் முப்பது வருடத்தையும் இங்கே சேர்த்துப் படியுங்கள்.

13 பிப்ரவரி, மாலை

இதற்கு வந்த பதில்களில் ஒன்று பலமாக இருக்கிறது. "ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்காரர்களே ரெக்கார்டு லேபிளைச் சுரண்டிவிட்டுத்தானே போட்டார்கள்? பெயரை மறைப்பதுதானே அந்த மரபு?"

உண்மை. அப்படியொரு சவுண்ட் செட்காரர் காக்ஸன் டாட் 1950களில் ஒரு அமெரிக்க சாக்ஸபோன் பாட்டின் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரையே வைத்துப் பல காலம் ஓட்டினார். போட்டியாளர் டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர், கடைசியில் அது வில்லிஸ் ஜாக்சனின் பாட்டு என்று கண்டுபிடித்துப் பொது மேடையில் போட்டுவிட்டார். அன்று காக்ஸனுக்கு மயக்கமே வந்துவிட்டதாம்.

13 பிப்ரவரி, இரவு 12.30

அதையே யோசித்துக்கொண்டு சாப்பிட்டேன். மறைத்தார்கள், ஆனால் யாரிடமிருந்து? பக்கத்துத் தெரு செட்காரனிடமிருந்து. அந்த ஒரு ரெக்கார்டுதான் அன்றைய கூட்டம், அன்றைய கல்லா. அது எனக்குப் புரிகிறது. மாமாவும் நல்ல கேசட்டின் அட்டையைக் கழற்றி வேறு டப்பாவில்தான் வைப்பார், எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்துவிடுவார் என்று. எனக்கு எதிர்க்கடை இல்லை, கல்லாவும் இல்லை. நான் மறைத்தால் நஷ்டம் லுவாண்டா ஆளுக்கு மட்டும். அதனால் என் நிலையில் மாற்றம் இல்லை. ஆனால் "மறைப்பது எப்போதும் தப்பு" என்று முன்பு ஓர் இடத்தில் எழுதியிருந்தேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

17 பிப்ரவரி, காலை 8.00

மிக்ஸை எங்கே ஏற்றுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுருக்கமாக. 2012 ஜனவரியில் கோப்புகள் பகிரும் தளமான மெகாஅப்லோட் மூடப்பட்ட வாரம் ஞாபகம் இருக்கிறதா? நான் படித்துக்கொண்டிருந்த வலைப்பதிவுகளில் பாதி இணைப்புகள் ஒரே நாளில் செத்தன. பதிவு இருக்கும், படம் இருக்கும், பாட்டு இருக்காது. எனக்கே ஒரு தளத்தில் நான்கு வருட மிக்ஸ்கள் போயின. உரிமைப் புகார் மூன்று வந்ததும் கணக்கையே பூட்டிவிட்டார்கள். கோப்புகளின் பிரதி என்னிடம் இருந்தது. மிக்ஸுக்குக் கீழே கேட்டவர்கள் எழுதியிருந்தவை இல்லை. கேப் வெர்டேயில் இருந்து ஒரு அம்மா தன் கல்யாணத்தில் அந்தப் பாட்டு ஒலித்ததாக எழுதியிருந்தார். அது போய்விட்டது. இன்னும் ஆறவில்லை.

இப்போது மிக்ஸ்கிளவுடில் போடுகிறேன். நீள மிக்ஸுக்கென்றே உரிமைக்காரர்களோடு ஒப்பந்தம் வைத்து, பாட்டுக்குப் பணம் போகும்படி செய்திருக்கிறார்கள். அங்கே பட்டியலை நிரப்புவது அலங்காரத்துக்கு இல்லை, யார் பாட்டு ஓடியது என்று தெரிய அதுவும் உதவுகிறது. கோப்பும் பட்டியலும் வீட்டில் இரண்டு டிஸ்கில். இனிமேல் கருத்துகளையும் நகல் எடுக்கிறேன்.

ஏற்றும்போது மட்டும் ஒரு வேண்டுகோள்: ஒலியின் உச்சத்தைப் பூச்சிய டெசிபலில் இடிக்க விடாதீர்கள், ஒரு டெசிபலாவது கீழே நிறுத்துங்கள். எம்பி3 ஆக மாறும்போது உச்சம் தாண்டிக்கொண்டு பேஸ் கரகரக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) ஆக்குங்கள்.

24 பிப்ரவரி, இரவு 10.05

"தமிழ் எங்கே?" நாலு பேர் கேட்டாகிவிட்டது.

மிக்ஸில் சேர்க்கவில்லை, ஆனால் யோசிக்காமல் இல்லை. உறுமியின் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஊஊம் என்று வழுக்கிக்கொண்டு வருமே, அது 808 டிரம் மெஷினின் பேஸைச் சுரம் மாற்றி வழுக்க விடுவதற்கு அண்ணன். பாடகி எம்.ஐ.ஏ. 2007ல் வெளியிட்ட "கலா" ஆல்பத்துக்குச் சென்னை வரை வந்து உறுமி மேளம் பதிவு செய்துகொண்டு போனார். ஈழத்திலும் லண்டனிலும் வளர்ந்த தமிழ்ப் பெண் காதுக்கு அந்த உறவு கேட்டிருக்கிறது. தன் அம்மாவின் பெயரையே அந்த ஆல்பத்துக்கு வைத்தார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாமா இப்போது தொழில் பண்ணவில்லை, பாக்ஸ் இரண்டும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. ஒன்றில் கோன் கிழிந்திருந்தது. இன்னொன்றில் மிக்ஸைப் போட்டோம். மாமா டப் வந்ததும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். சிங்கெலி வந்ததும் "என்னடா, கரகாட்டம் வெறிபிடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். டம்ளர் நான் வைக்கவில்லை. அவரே எடுத்துவந்து வைத்தார்.

அடுத்த மிக்ஸுக்கு உறுமி உண்டு. அடிப்பவர்கள் பெயரையும் ஊரையும் வாங்கிக்கொண்டுதான்.

2 மார்ச், இரவு 11.35

38வது நிமிடம்.

லுவாண்டா வாசகர் மூலம் ஆள் கிடைத்துவிட்டார். எழுதிக் கேட்டேன்: உங்கள் பாட்டைக் கேட்காமல் போட்டுவிட்டேன், எடுத்துவிடவா, வைக்கவா, எந்தப் பெயரில் போட? மூன்று நாள் கழித்து இன்று பதில். வைக்கலாமாம். எந்தப் பெயரைப் போடுவது என்று தன் அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார், இருவரும் சேர்ந்து செய்ததாம். அதுவரை பட்டியலில் "லுவாண்டா, பெயர் வருகிறது" என்று மாற்றியிருக்கிறேன்.

கூடவே ஒரு கோப்பும் அனுப்பியிருக்கிறார். நான் போட்டது யாரோ வேகத்தைக் கூட்டிய பிரதியாம். 140ல் ஓடியதே, அவர் செய்தது 132. குரல் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கீழே இருக்கிறது. அந்த விசில் விசிலே இல்லை, ஒரு பெண் சிரிக்கிறாள், அதை நீட்டியிருக்கிறார்கள். நாலு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் அது சிரிப்பு என்று தெரிகிறது.

132ல் போட்டால் முன்னால் இருக்கும் டப்ஸ்டெப்போடு சேராது. 35லிருந்து 43 வரை பிரித்துத் திரும்பக் கலக்க வேண்டும். பழைய பிரதியை இறக்கிவிட்டேன், ஞாயிறு ராத்திரிக்குள் புதியது வரும்.

3 மார்ச், இரவு 11.10

ஏற்றிவிட்டேன். டப்ஸ்டெப்பை இரண்டு நிமிடம் முன்னாலேயே முடித்து, எக்கோவில் கரைய விட்டு, வெறும் அமைதியில் அந்தச் சிரிப்பு தொடங்குகிறது. 36.50. இயர்போனில் கேளுங்கள்.